லைட்டை அணைக்கத்தான் ஸ்கேனரா?

மக்களே, தாம்பரம் முடிச்சூர் ரோடு பக்கம் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற அண்ணன்களும் இப்போ கையில ஸ்கேனரோடதான் நிக்கிறாங்க. சந்தோஷம். 2013லேர்ந்து நம்மூர் கார்ல ஓபிடி-2 கட்டாயம்; ஸ்கேனர் இல்லாம வேலைக்காகாது.

ஆனா எதைப் பார்த்து வாங்குறாங்க? ‘எல்லா வண்டியும் படிக்கும்’னு அட்டையில போட்டிருந்தா போதுமாம்! மலிவு ஈஎல்எம்327 இன்ஜின் கோடு காட்டும். ஏபிஎஸ், ஏர்பேக் பெரும்பாலும் காட்டாது.

அதைவிடக் கொடுமை, கோடை அழிச்சு லைட்டை அணைச்சுட்டு காசு வாங்குறது. பி0171னா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி, அவ்ளோதான். ஓட்டை ஹோஸா, அழுக்கு சென்சாரா, பம்ப்பா? லைவ் டேட்டா பார்த்து மெக்கானிக்தான் கண்டுபிடிக்கணும்.

அண்ணே, லைவ் டேட்டா, ஏபிஎஸ், வருஷ அப்டேட் செலவு மூணையும் கேளுங்க. உங்ககிட்ட வர்ற வண்டியிலயே மாட்டிப் பார்த்து வாங்குங்க. வெறும் லைட்டை அணைக்க ஸ்கேனர் எதுக்கு? பல வண்டியில பேட்டரி ஒயரைக் கழட்டினாலே அணைஞ்சிடுமே!