பெட்டி போயிற்று, பூட்டு வந்தது!

குமாரலிங்கபுரம் முதலான கரிசல் கிராமங்களிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் சினிமாப் பார்க்கப் போகிறவர்கள் யார்? பஞ்சாலையில் நூல் நூற்கும் தொழிலாளியும், பருத்திக் காட்டிலும் மிளகாய்த் தோட்டத்திலும் கூலிக்குப் போகும் ஆணும் பெண்ணும்தான். ஆறு நாள் உழைத்த அலுப்புக்கு ஏழாம் நாள் கிடைக்கும் ஆறுதல் அது. அந்தச் சினிமா இன்று எப்படித் தியேட்டருக்கு வருகிறது, அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

பிலிம் காலத்தில் படம் ‘பெட்டி’யாக வந்தது. 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படமென்றால் 13,500 அடி. அத்தனையும் சுருள் சுருளாகத் தகரப் பெட்டிகளில் அடைபட்டு, மதுரை விநியோகஸ்தரிடமிருந்து பஸ்ஸேறி வரும். பிரதி எடுக்கச் செலவு அதிகம். ஆகவே, பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்து, திரையில் மழை பெய்வதுபோல் கோடு விழுந்த பிறகே சிற்றூர்க் கொட்டகைக்குப் படம் கிடைக்கும்.

இன்று உள்ளங்கையகல ஹார்ட் டிஸ்க்கில் முழுப் படமும் அடங்கிவிடுகிறது. ஆபரேட்டர் அதைச் சர்வரில் செருகிப் படத்தை ஏற்றுகிறார். பிறகு டிஸ்க்கைக் கழற்றித் திருப்பி அனுப்புகிறார். சில தியேட்டர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகவே படம் இறங்குகிறது. சென்னையில் வெளியாகும் அன்றைக்கே அருப்புக்கோட்டையிலும் வெளியாகிறது. நூறாவது காட்சியிலும் கோடு விழுவதில்லை. இந்த விஞ்ஞான முன்னேற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம். யந்திரத்தோடு நமக்கு வழக்கில்லை. யந்திரத்தின்மேல் போடப்பட்டிருக்கும் பூட்டுகளைப் பற்றியே நமது ஆட்சேபணை.

முதல் பூட்டு, சங்கேதப் பூட்டு. டிஸ்க் வந்தால் மட்டும் படம் ஓடாது. ‘கேடிஎம்’ என்ற சாவி தனியாக வரவேண்டும். அது குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட நாள், மணி வரையில்தான் செல்லும். திருட்டுப் பிரதியைத் தடுக்க இது தேவையே. ஆனால் தயாரிப்பாளருக்கும் கடன் கொடுத்தவருக்கும் தகராறு என்றால், அன்று காலை சாவி வராது, காட்சி ரத்து! கூலியை விட்டுவிட்டு, பஸ் கட்டணம் கொடுத்து வந்தவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

இரண்டாவது பூட்டு, ஒப்பந்தப் பூட்டு. டிஜிட்டல் புரொஜெக்டரையும் சர்வரையும் சொந்தமாக வாங்கச் சிறிய தியேட்டர்களுக்குச் சக்தியில்லை. கம்பெனிகள் வாடகைக்குக் கொடுத்தன. கொடுத்தவர்கள், வேறு கம்பெனி தயார் செய்த படத்தை இதில் ஏற்றக்கூடாது என்று நிபந்தனையும் போட்டனர். போட்டி நிறுவனம் ஒன்று கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2025 ஏப்ரலில், இது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. யூஎஃப்ஓ மூவீஸ், அதன் ஸ்கிராபிள் டிஜிட்டல், கியூப் ஆகியவற்றுக்கு மொத்தம் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஒப்பந்தங்களைத் திருத்தவும் உத்தரவிட்டது. மாட்டை வாடகைக்குக் கொடுத்தவன், ‘என் விதையைத்தான் விதைக்க வேண்டும்’ என்று சொன்னால் எந்த விவசாயியாவது ஏற்பானா?

மூன்றாவது பூட்டு, கட்டணப் பூட்டு. அதற்கு ‘விபிஎஃப்’ என்று பெயர். பிலிம் பிரதி எடுக்கும் செலவு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கைக் கொடுத்து யந்திரத்தின் கடனை அடைக்கட்டும் என்று அமெரிக்காவில் உண்டான ஏற்பாடு இது. கடன் தீர்ந்ததும் கட்டணமும் தீரவேண்டும் என்பதே அதன் அடிப்படை. இங்கோ அது தீராத வாரமாக நீண்டது. இதை எதிர்த்து 2018 மார்ச் 1 முதல் தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை நிறுத்தினர். பிறகு படப்பிடிப்புகளும் நின்றன. ஏப்ரல் 17-ல் அமைச்சர் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்து, 20-ந் தேதிதான் புதுப்படம் வந்தது. இந்த ஏழு வாரத் தகராறில் நஷ்டப்பட்டவர் யார்? முதலாளிகள் தாக்குப்பிடித்தார்கள். லைட்மேன், செட் தச்சர், தியேட்டர் டிக்கெட் கிழிப்பவர், சைக்கிள் ஸ்டாண்டு பையன் முதலான தினக்கூலிகளின் அடுப்புதான் அணைந்தது.

ஆபரேட்டரின் கதியையும் சொல்லியாக வேண்டும். கார்பன் குச்சியின் புகையில் நின்று, அறுந்த பிலிமை ஒட்டி, ரீல் மாற்றி, அந்தத் தொழிலைக் கற்றவர் அவர். சர்வர் வந்ததும் இரண்டு மூன்று பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்க்கும் நிலை வந்தது. மிச்சமான கூலியில் ஒரு காசாவது அவருக்கும், டிக்கெட் வாங்கும் ஜனங்களுக்கும் வந்ததா?

ஆகவே நாம் கோருவது இவை: முறையாகத் தயாரித்த எந்த டிஸ்க்கையும் எந்தத் தியேட்டர் சர்வரும் ஏற்க வேண்டும். யந்திரத்தின் விலை தீர்ந்த அன்றே கட்டணமும் நிற்க வேண்டும்; அதன் கணக்கைப் பகிரங்கமாக வைக்க வேண்டும். சாவி வராமல் காட்சி நின்றால் டிக்கெட் பணத்தை உடனே திருப்பித் தரவேண்டும். ஆபரேட்டர்களுக்குப் புதிய யந்திரத்தில் பயிற்சியும் வேலைப் பாதுகாப்பும் வேண்டும். சிறிய தியேட்டர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து யந்திரம் வாங்கச் சர்க்கார் குறைந்த வட்டியில் கடன் தரவேண்டும்.

பெட்டி சுமந்த தோள்களின் பாரத்தை விஞ்ஞானம் இறக்கிவிட்டது. அதன் பலனைப் பூட்டி வைக்க எவருக்கும் உரிமையில்லை. பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை, டிக்கெட் வாங்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு!