செம்புக்கு மட்டும் ரோடு

சுரங்கக் கம்பெனிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை ஒன்று உண்டு. ‘சைட் கண்டிஷன்’. மழை, மலைச்சரிவு, பூகம்பம், சேறு எல்லாம் அதற்குள் அடக்கம். பிடிக்காத வேலையைச் செய்யச் சொன்னால் இந்த வார்த்தையை எடுத்து நீட்டுவார்கள். பிடித்த வேலை என்றால் அதே மழை, அதே சேறு அவர்கள் கண்ணிலேயே படாது.

பாப்புவா நியூகினியில் இருக்கும் ஓக் டெடி சுரங்கத்தைப் பாருங்கள். இந்தோனேஷிய எல்லைக்குப் பக்கத்தில், மலைக்காட்டுக்கு நடுவே ஃபுபிலன் என்றொரு மலை. மேலே தங்கம், அதற்குக் கீழே செம்பு. வருஷத்துக்குச் சுமார் 10 மீட்டர் மழை. மில்லிமீட்டர் இல்லை சார், மீட்டர்! மூன்று மாடிக் கட்டட உயரம். மண் தானாகவே சரியும். பூகம்பமும் வரும். ரோடு கிடையாது, கரன்ட் கிடையாது. கையெட்டும் தூரத்தில் உள்ள துறைமுகம் கியுங்கா. அதுவும் கடற்கரையில் இல்லை. ஃப்ளை நதியில், கடலிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர் உள்ளே.

இப்படிப்பட்ட இடத்தில் 1980களில் ஆஸ்திரேலியாவின் பி.எச்.பி. கம்பெனியும் கூட்டாளிகளும் என்னவெல்லாம் செய்தார்கள் தெரியுமா? கியுங்காவிலிருந்து மலைக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் ரோடு போட்டார்கள். டபுபில் என்று புத்தம்புது டவுன் ஒன்றை எழுப்பினார்கள். விமான ஓடுதளம், ஆஸ்பத்திரி, நீர்மின் நிலையம் எல்லாம் வந்தன. செம்பைக் குழம்பாக்கிக் கியுங்கா வரை தள்ளிவிட ஒரு நீளமான குழாய். அங்கிருந்து பார்ஜ். சாதனைதான், கைதட்டலாம்.

ஒன்றே ஒன்றுதான் முடியவில்லையாம். கழிவுச் சேற்றைத் தேக்கி வைக்க ஓர் அணை.

கட்ட ஆரம்பித்தார்கள். 1984 ஜனவரியில் மலை சரிந்து அந்த வேலையை நாசமாக்கியது. சரி, அணை நிற்காத இடத்தில் சுரங்கம் எப்படி நிற்கும் என்றல்லவா யோசித்திருக்க வேண்டும்? ‘தற்காலிகமாக’ ஆற்றில் விட்டுக்கொள்கிறோம் என்று அனுமதி வாங்கி, அதே வருஷம் சுரங்கத்தைத் திறந்துவிட்டார்கள். தற்காலிகத்துக்கு 40 வயது தாண்டிவிட்டது. (அதே 1984 ஜூனில், ஃப்ளை நதியின் முகத்துவாரத்தில் ஒரு பார்ஜ் கவிழ்ந்து சுமார் 2,700 டிரம் சயனைடு தண்ணீருக்குள் போனது தனிக் கதை.)

அரசாங்கம் என்ன செய்தது என்கிறீர்களா? 1989-ல் பொகெய்ன்வில் தீவின் பங்குனா சுரங்கம் கலவரத்தில் மூடப்பட்டது. கஜானாவில் பெரிய ஓட்டை. இருக்கிற சுரங்கத்தையாவது காப்பாற்றுவோம் என்று, ஓக் டெடிக்கு அணை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பொகெய்ன்வில் கலவரத்துக்கே ஒரு முக்கியக் காரணம், பங்குனாவின் கழிவு ஆற்றை அழித்ததுதான்!

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் பற்று வரவு. ஒரு செலவை எந்தப் பேரேட்டிலும் எழுதாமல் விட்டால் லாபம் தானாக ஏறும். ஆனால் அந்தச் செலவு ஆவியாகிவிடாது. வேறு யார் கணக்கிலோ போய் உட்காரும். இங்கே உட்கார்ந்தது ஆற்றங்கரைக்காரர்கள் கணக்கில். கழிவும் வெட்டிப்போட்ட பாறையுமாக வருஷத்துக்குச் சுமார் 8 கோடி டன் ஆற்றுக்குள் போனது. ஆற்றுப்படுகை மேடாயிற்று, வெள்ளம் கரையேறி அங்கேயே தங்கிவிட்டது. 1,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு பட்டுப்போனது அல்லது பட்டுக்கொண்டிருந்தது. தோட்டங்களும் சேகோ மரங்களும் சேற்றுக்குள் போயின. நம்மூர் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது. அவர்களுடையது அசல், சேகோ பனையின் தண்டிலிருந்து எடுப்பது. அவர்களுக்கு அதுதான் சோறு.

1994-ல் கரையோர மக்கள் மெல்பர்ன் நீதிமன்றத்துக்கே போய் வழக்குப் போட்டார்கள். 1996-ல் சமரசம். 1998-ல்தான், சுரங்கம் திறந்து 14 வருஷம் கழித்து, மணல் அள்ள ஒரு எந்திரம் வந்தது. அது அள்ளுவதும் ஒரு பங்கைத்தான். 1999-ல் இந்தச் சுரங்கம் தங்கள் சுற்றுச்சூழல் கொள்கைக்கு ஒத்துவராது என்று பி.எச்.பி.யே ஒப்புக்கொண்டது. 2002-ல் பங்குகளை ஓர் அறக்கட்டளைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு, இனி வழக்கு வராதபடி சட்டப் பாதுகாப்பும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. அந்தப் பாதுகாப்பை 2013-ல் ரத்து செய்த பாப்புவா நியூகினி அரசு, சுரங்கத்தையும் தானே எடுத்துக்கொண்டது. கழிவு போகும் வழி மட்டும் மாறவில்லை.

சுரங்கத்தை மூடினால் வேலை போகும், ஆஸ்பத்திரி போகும் என்று அந்த ஊர்க்காரர்களிலேயே பலர் பயந்தது உண்மை. ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் ஆற்றைக் கொடு என்பதற்குப் பேர் வளர்ச்சியா? எங்கள் தெருக் கந்துவட்டிக்காரர்கூட இவ்வளவு கேட்கமாட்டார்.

மழையைக் காட்டி அணையைத் தவிர்த்தவர்களுக்கு 2015-ல் வறட்சி வந்தது. எல் நினோ. ஃப்ளை நதியில் தண்ணீர் இறங்கி பார்ஜ் ஓட முடியவில்லை. உடனே சுரங்கத்தை நிறுத்தினார்கள், பல மாதங்களுக்கு! ஆக, ஆறு தாங்காவிட்டால் சுரங்கத்தை நிறுத்த முடிகிறது. செம்பை ஆறு சுமக்க முடியாதபோது வந்த இந்த ஞானம், சேற்றைச் சுமக்க முடியாமல் ஆறு கரையேறிய அத்தனை வருஷமும் எங்கே போயிருந்தது?

2016-ல் தண்ணீர் வந்தது. பார்ஜும் கிளம்பியது, கழிவும் கிளம்பியது.