எஞ்சின் செய்த ஸ்கூட்டரும் இரண்டு துணி மூட்டையும்

எஞ்சின் செய்து நான்கே நாளான எனது பழைய டூ ஸ்ட்ரோக் சேட்டக், பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் தர்மபுரம் தாண்டியதும் இழுக்க மறுத்தது. பின்னால் இரண்டு துணி மூட்டை. வேலை செய்த கராஜில் "மறுபடி கழற்ற வேண்டும்" என்றார்கள்.

1990களின் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட வைத்துத் தொழில் பழகிய தர்மபுரத்து மெக்கானிக் ஒருவர் சோக்கை இழுத்தார், ஓடியது. பிளக் வெளுத்திருந்தது. பெற்றோல் போதவில்லை, எங்கோ காற்று இழுக்கிறது என்றார். கார்புரேட்டர் பொருத்தியிருந்த இடத்தில் பழைய கேஸ்கட்! ஆயிரக்கணக்கில் வாங்கியவர்கள் அதிலா மிச்சம் பிடிப்பது?

புதிய ரிங் சிலிண்டரோடு பழகுமுன் மூட்டை ஏற்றியது என் தவறுதான். முதல் ஐந்நூறு கிலோமீற்றருக்குப் பாரமும் வேகமும் ஆகாது. ஆனால் கூலி பேசும்போதே கேஸ்கட், ஒயில் சீல் எல்லாம் புதிதென்று பில்லில் எழுதி வாங்குங்கள். நான் கேட்கவில்லை, இரண்டு சந்தை நாள் போயிற்று.