சந்திர தேவியின் யோக்கியதை

பழைய கிரேக்க தேசத்தாரைப் பற்றிப் பேசும் பண்டிதர்கள் அவர்களுடைய சிற்பத்தையும், நாடகத்தையும், தத்துவ விசாரணையையும் புகழ்வதோடு நில்லாமல் அவர்களுடைய தெய்வக் கதைகளையும் சேர்த்தே புகழ்ந்து வருகிறார்கள். அக்கதைகள் வெறும் அழகான கற்பனைகள் என்றும், அவற்றால் யாருக்கும் ஒரு கெடுதியும் ஏற்பட்டதில்லை என்றும் சொல்லுகிறார்கள். இது உண்மைதானா என்பதை, அந்தத் தெய்வங்களில் ஒருத்தியாகிய செலீனி என்னும் சந்திர தேவியைக் கொண்டே சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவது, இந்த அம்மாள் யார் என்பதிலேயே தகராறு இருக்கிறது. ஹெசியட் என்னும் பழைய புலவர் இவளை ஹைபீரியனுக்கும் தேயாவுக்கும் பிறந்தவள் என்றும், சூரியனாகிய ஹீலியாசுக்கு உடன்பிறந்தவள் என்றும் எழுதி வைத்தார். ஹெர்மிஸ் என்னும் சாமியின் மேல் பாடப்பட்ட துதியிலோ இவள் பல்லாஸ் என்பவனுடைய மகள். யூரிபிடிஸ் எழுதிய ஒரு நாடகத்திலோ இவள் சூரியனுக்கே மகள். ஆகவே இவளுக்குத் தகப்பன்மார் மூன்று பேர். சூரியனுக்குத் தங்கையும் இவளே, மகளும் இவளே! ஒரு குடியானவன் பத்திரம் பதியப் போன இடத்தில் தன் தகப்பன் பேரை மூன்று விதமாகச் சொன்னால் ரிஜிஸ்திரார் ஒப்புக்கொள்வாரா? சாமி என்றால் மாத்திரம் ஒப்புக்கொள்ள வேண்டுமாம்.

இனி இவளுடைய நடத்தையைப் பார்ப்போம். எண்டிமியன் என்னும் அழகான வாலிபன் மேல் இவள் ஆசை வைத்தாளாம். அவன் மூப்பும் சாவும் இல்லாமல் லாட்மஸ் மலைக் குகையில் என்றென்றைக்கும் தூங்கிக்கொண்டே இருக்கிறானாம். தேவி இரவுதோறும் இறங்கி வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போகிறாளாம். இந்தச் சம்பந்தத்தில் ஐம்பது பெண்கள் பிறந்தார்கள் என்று ஈலிஸ் நாட்டார் சொல்லிக்கொண்டதாகப் பாசேனியஸ் என்னும் யாத்திரிகர் எழுதியிருக்கிறார். அதே ஈலிஸ் நாட்டார் எண்டிமியனுடைய சமாதி இது என்று ஓர் இடத்தையும் காட்டினார்களாம். சாகாமல் தூங்குகிறவனுக்குச் சமாதி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலும்! இது போதாதென்று, பான் என்னும் ஆட்டுக்கால் சாமி நல்ல கம்பளி ஒன்றைக் காட்டி இவளை மயக்கிக் காட்டுக்குள் அழைத்துப் போனான் என்று வர்ஜில் என்னும் ரோமாபுரிப் புலவர் பாடியிருக்கிறார். பிற்காலத்தில் இந்த ஐம்பது பெண்களின் தாயையும், கலியாணமே வேண்டாமென்று கன்னியாகவே இருந்த ஆர்ட்டிமிஸ் தேவியையும் ஒருத்தியே என்று சொல்லி ஒன்றாக்கியும் விட்டார்கள்!

நிற்க, இவையெல்லாம் கதைதானே, இதனால் என்ன கெடுதி என்று கேட்கக்கூடும். கெடுதி எங்கே வருகிறதென்றால், சந்திரன் ஒரு தேவி என்று ஜனங்கள் ஒப்புக்கொண்ட உடனே, அந்தத் தேவிக்குக் கோபம், அசுத்தம், எச்சரிக்கை எல்லாம் வந்துவிடுகின்றன. அவை வந்தவுடன் அவற்றுக்கு அர்த்தம் சொல்ல ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. தெஸ்ஸலி நாட்டில் அக்லவோனிகே என்னும் ஒரு ஸ்திரீ இருந்தாள். கிரகணம் எப்பொழுது வரும் என்பது அவளுக்குக் கணக்கினால் தெரியும். தெரியாத பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, “இதோ நான் சந்திரனைக் கீழே இழுக்கிறேன்” என்று சொல்லி ஏமாற்றினாள் என்று புளூட்டார்க் என்னும் ஆசிரியர் எழுதுகிறார். கணக்குத் தெரிந்தவள் மந்திரக்காரியானாள், தெரியாதவர்கள் பக்தைகளானார்கள். தெய்வீகம் என்பதன் மூலதனம் எப்பொழுதும் இதுதான் என்று நாம் சொல்லுகிறோம்.

ஒருத்தி சில பெண்களை ஏமாற்றியது சிறு விஷயம். ஒரு ராஜ்யமே ஏமாந்ததைக் கேளுங்கள். கி.மு. 415-ல் ஏதென்ஸ் நகரத்தார் சிசிலித் தீவிலுள்ள சிரக்கூஸ் நகரத்தைப் பிடிக்கப் பெரிய சேனையை அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 413-ல், சண்டை தோற்று, பாளயத்தில் வியாதியும் பரவிப்போக, ஊருக்குத் திரும்பிவிடுவதென்று தளகர்த்தர்கள் முடிவு செய்து கப்பல்களையும் தயார் செய்துவிட்டார்கள். அது ஆகஸ்டு 27-ம் தேதி. அன்றிரவு சந்திர கிரகணம் பிடித்தது. உடனே சேனையில் பெரும்பாலோர் புறப்படக் கூடாதென்று கூச்சல் போட்டார்கள். குறி சொல்லுகிறவர்கள் மூன்று ஒன்பது, அதாவது 27 நாள் பொறுக்க வேண்டும் என்றார்கள். தளகர்த்தரான நிசியாஸ் அந்த 27 நாள் கழிகிற வரையில் புறப்படுவதைப் பற்றிப் பேசக்கூட முடியாது என்று உட்கார்ந்துவிட்டார்.

தேவிக்காக இவர்கள் காத்திருந்தார்கள், எதிரிகள் காத்திருக்கவில்லை. துறைமுகத்தின் வாயைக் கப்பல்களைக் கொண்டு அடைத்தார்கள். ஏதென்சின் கப்பற்படை அந்தத் துறைமுகத்துக்குள்ளேயே அழிந்தது. தரை வழியாகத் தப்பப் பார்த்தவர்கள் சுமார் 40,000 பேர் என்று, அக்காலத்திலேயே வாழ்ந்த தூசிடிடிஸ் என்னும் சரித்திரக்காரர் எழுதுகிறார். வழியில் வெட்டுண்டவர்கள் போக, 7,000 பேருக்குக் குறையாமல் பிடிபட்டு, கல் வெட்டி எடுத்த பள்ளங்களில் தள்ளப்பட்டார்கள். பகலில் வெயில், இரவில் குளிர், பக்கத்திலேயே செத்தவர்களின் பிணம். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை ஆழாக்குத் தண்ணீரும் மூன்று ஆழாக்குத் தானியமும். இந்தப்படி எட்டு மாதம். நிசியாசின் தலையும் போயிற்று. 27 நாள் சொன்ன குறிகாரர்களின் தேவி அப்பொழுது எங்கே போயிருந்தாள்? வழக்கம்போல் ஆகாயத்தில் வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும்தான் இருந்தாள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கி.மு. 357-ல் டியான் என்பவர் அதே சிரக்கூசின் மேல் படையெடுக்கப் புறப்படும்போதும் சந்திர கிரகணம் பிடித்தது. சிப்பாய்கள் பயந்தார்கள். ஆனால் அவர் படையிலிருந்த மில்டாஸ் என்னும் குறிகாரர், “பிரகாசமாயிருக்கும் ஒன்று மங்கப்போகிறது என்பதே இதற்கு அர்த்தம், சிரக்கூஸ் கொடுங்கோலனுடைய ஆட்சியே அது, ஆகையால் புறப்படுங்கள்” என்று சொல்லிவிட்டார். அதே சந்திரன், அதே கிரகணம், அதே ஊர். ஒரு குறிகாரர் போகாதே என்கிறார். இன்னொருவர் போ என்கிறார். தேவி பேசியிருந்தால் ஒரே பேச்சாக அல்லவா இருந்திருக்கும்? பேசினது குறிகாரர்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

பாவம், அக்காலத்து ஜனங்களுக்குக் கிரகணத்தின் காரணம் தெரியாது என்று சிலர் பரிந்து பேச வரலாம். அதுவும் பொய். நிசியாஸ் தோற்பதற்கு முன்பே ஏதென்சில் அனக்சகோரஸ் என்னும் அறிஞர், சந்திரன் மண்ணாலானது, அதில் மேடும் பள்ளமும் இருக்கின்றன, அதன் வெளிச்சம் சூரியனிடமிருந்து வருவது, பூமி குறுக்கே வருவதால் கிரகணம் பிடிக்கிறது என்று எடுத்துச் சொன்னார். அதற்கு அவருக்குக் கிடைத்த சன்மானம் என்ன? தெய்வ நிந்தனை செய்தார் என்று வழக்கு! பெரிக்ளிஸ் போன்ற செல்வாக்குள்ள சிநேகிதர் இருந்தும் அவர் ஏதென்சை விட்டு லாம்ப்சகஸ் என்னும் ஊருக்குப் போய், அங்கேயே உயிரை விட்டார். உண்மை சொன்னவனை ஊரை விட்டுத் துரத்தினார்கள். 27 நாள் சொன்னவனைப் படையோடு கூட்டிப் போனார்கள். பிறகு படை அழிந்தது என்றால் அது விதியா? சந்திரன் செய்ததா? நாம் கேட்கின்றோம்.

இவ்வளவு பட்டும் புத்தி வந்ததா என்றால் அதுவும் இல்லை. தோல்விக்குப் பதினான்கு வருஷம் கழித்து, கி.மு. 399-ல் சாக்ரடீசை விசாரித்தபோதும், இவர் சந்திரனை மண் என்று சொல்லுகிறார் என்பதையே ஒரு குற்றமாக எடுத்துப் பேசினார்கள். அனக்சகோரசின் புஸ்தகத்தை ஒரு டிராக்மா கொடுத்து யாரும் வாங்கிப் படித்துக்கொள்ளலாமே என்று சாக்ரடீஸ் பதில் சொன்னதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். ஒரு டிராக்மாவுக்கு அறிவு கடைத் தெருவில் கிடைத்தது. அதை வாங்காததற்கு ஒரு சேனையை விலையாகக் கொடுத்தார்கள்.

அதே கிரேக்கரில் பயத்தை விட்டுக் கணக்கை எடுத்தவர்கள் என்ன சாதித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கிரகணத்தில் விழும் நிழல் வளைந்திருப்பதைக் கண்டு பூமி உருண்டை என்றார் அரிஸ்டாட்டில். ஹிப்பார்க்கஸ் என்பவர் கி.மு. 2-வது நூற்றாண்டிலேயே சந்திரனுடைய தூரம் பூமியின் ஆரத்தைப் போல் அறுபது மடங்கையொட்டி வரும் என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கும் அதுவே. சுமார் 3,84,000 கிலோமீட்டர். 1969 முதல் 1972 வரை பன்னிரண்டு மனிதர்கள் அங்கே காலால் நடந்து, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அனக்சகோரஸ் சொன்ன மேடும் பள்ளமும் அங்கே இருந்தன. தேவியையும், அவளுடைய ரதத்தையும், குதிரைகளையும் ஒருவரும் காணவில்லை.

கி.பி. 391, 392-ல் ரோம சக்கரவர்த்தி தியோடோசியஸ் பழைய தெய்வங்களுக்குப் பலியும் பூஜையும் கூடாதென்று உத்தரவு போட்டார். ஜனங்கள் அறிவு பெற்று அவளைக் கைவிட்டதனால் அல்ல. புதிய மதம் ஒன்று ராஜ்யத்தைப் பிடித்துக்கொண்டதனால். பூஜை நின்றது, சந்திரனுக்கு ஒரு குறையும் வரவில்லை. வளர்பிறையும் தேய்பிறையும் தவறவில்லை. கடலும் பொங்காமல் இருக்கவில்லை. ஆயிரம் வருஷத்துப் பூஜையால் சந்திரனுக்கு ஆனது இவ்வளவுதான் என்றால், அந்தப் பூஜை யாருக்காக நடந்தது?

ஆகவே, எந்தத் தேசத்திலாகட்டும், எந்தப் பெயராலாகட்டும், ஆகாயத்தில் தெரிகிற ஒன்றைச் சுட்டிக்காட்டி, “இத்தனை நாள் பொறு, இதைச் செய்யாதே” என்று ஒருவன் சொல்ல வந்தால், அவனிடம் தர்க்கம் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சிரக்கூசின் கல் பள்ளங்களில் கிடந்த 7,000 பேரும் எத்தனை நாள் பொறுத்தார்கள் என்று மாத்திரம் கேளுங்கள்.