ஐந்து வருசத்தோட கணக்கு முடியாது



ஒக்டோபர் வந்தால் ஒஸ்லோ முழுக்க ரோசா ரிப்பன்தான். நோர்வேயில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து வருசம் கழிந்தும் உயிரோடு இருக்கினம். பொதுச் சுகாதாரத்தின் பெரிய வெற்றி அது. ஆனால் இரண்டு கேள்வி கேட்கவேண்டியிருக்கு: எங்கட அம்மாமார் அந்தக் கணக்குக்குள் எப்ப வருகினம்? ஐந்து வருசத்துக்குப் பிறகு என்ன நடக்குது?

50 முதல் 69 வயதுவரையான பெண்களுக்கு இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாமோகிராபி அழைப்பு வரும். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்து, மீன் தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் உழைச்ச தலைமுறைக்கு இப்ப சரியாக அந்த வயது. 2018இல் வந்த ஆய்வொன்றின்படி, நோர்வேயில் பிறந்த பெண்களில் சுமார் 76 வீதமானோர் அழைப்பை ஏற்றுப் போயிருக்கினம். வெளிநாட்டில் பிறந்த பெண்களில் 53 வீதம்தான். படிப்பும் வருமானமும் கூடினவர்களிடமும் இந்த இடைவெளி இருந்தது. ஆகவே "அவையளுக்கு அக்கறையில்லை" என்றோ "காசில்லை" என்றோ மட்டும் சொல்லி முடிக்க ஏலாது.

அடுத்தது, சிகிச்சைக்குப் பிறகான காலம். ஹோர்மோனால் வளரும் வகைப் புற்றுநோய் இருபது வருசம் கழிச்சும் திரும்பலாம். புற்றுநோயிலிருந்து தப்பின பலரின் உயிரைக் கடைசியில் எடுப்பது இதயநோய். சுவீடன், டென்மார்க் பெண்களை வைத்து 2013இல் வெளியான ஆய்வு, கதிர்ச்சிகிச்சையில் இதயத்துக்குப் போகும் அளவு கூடக்கூட மாரடைப்பு ஆபத்தும் கூடுது என்று காட்டியது. இப்போதைய முறைகளில் அந்த அளவு குறைவு. சிகிச்சையைத் தவிர்க்க இது காரணமில்லை. ஆனால் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரிடையே நீரிழிவு அதிகம் என்பது இருபது வருசமாகத் தெரிந்த விசயம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது யாருடைய வேலை?

பன்னிரண்டு வயதில் அம்மாவுக்காக டொக்டர் அறையில் மொழிபெயர்த்தனான். உங்களில் பலரும் அப்படித்தான். 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், பிள்ளைகளை அப்படிப் பாவிப்பதைத் தடுக்குது. மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும் கடமை பொது நிறுவனங்களுக்கு உண்டு. அதைக் கேட்பது உரிமை, உதவி கேட்பதில்லை.

இந்த வாரம் வீட்டில கதையுங்கோ. அழைப்புக் கடிதம் வந்ததா, போனவையா என்று கேளுங்கோ. சிகிச்சை முடிஞ்ச மாமி, சித்தி இருந்தால், இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றையும் குடும்ப வைத்தியரிடம் ஒழுங்காகப் பார்க்கச் சொல்லுங்கோ. வேலைநேரம் தடையென்றால் தொழிற்சங்கத்தில் எழுப்புவம். எங்கட அம்மாமார் இந்த நாட்டுக்கு முப்பது வருசம் உழைச்சவை. அவையின்ர அடுத்த முப்பது வருசத்தையும் இந்த நாடு கணக்கில் எடுக்கவேணும்.