பெரிய கப்பலா, சின்னக் கப்பலா? முதல்ல முட்டியைக் கேளுங்க

சியாட்டில் பக்கம் பொட்டி தட்டுற நம்மாளுங்க வீட்டுக்கு ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா, பட்டியல்ல மூணு விஷயம் கட்டாயம் இருக்கும். மவுண்ட் ரெய்னியர், காஸ்ட்கோ, அலாஸ்கா க்ரூஸ். முதல் ரெண்டுக்கும் யார்கிட்டயும் யோசனை கேட்க வேண்டியதில்லை. மூணாவதைப் பத்திப் பேச்சை எடுத்தா மட்டும் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க.

இதுல ரெண்டு கட்சி இருக்கு. ஒண்ணு, "பெரிய கப்பல்ல போ, நேரா நேரத்துக்கு சாப்பாடு, ராத்திரி ஆட்டம் பாட்டம், பைசா வசூல்" கட்சி. இன்னொண்ணு, "அது கப்பலே இல்லப்பா, மிதக்கிற ஷாப்பிங் மால். நூறு பேர் போற சின்னக் கப்பல்ல போனாத்தான் அலாஸ்காவைப் பார்த்த மாதிரி" கட்சி. இப்போ ரெண்டாவது கட்சிக்குத்தான் மவுசு. பெரிய கப்பல்ல டிக்கெட் போட்டிருக்கேன்னு சொன்னா, சரவண பவன்ல போய் நூடுல்ஸ் கேட்டவனைப் பாக்குற மாதிரி பாக்குறாங்க.

இந்தப் பதிவு அந்தப் பார்வைக்கான பதில். ஆனா இது பெரிய கப்பலுக்கு வக்காலத்து மட்டும் இல்லை. கடைசில பெரிய கப்பல்காரங்களுக்கும் (என்னையும் சேர்த்துத்தான்) ஒரு குட்டு வெச்சிருக்கேன்.

முதல்ல அளவு. சியாட்டில்லேர்ந்து அலாஸ்கா போற பெரிய கப்பலுக்கு ஒரு உதாரணம், 2018-ல வந்த நார்வீஜியன் ப்ளிஸ். சுமார் 1,68,000 டன், ரூமுக்கு ரெண்டு பேர்னு வெச்சா ஏறக்குறைய 4,000 பயணிகள். நடுத்தரத்துக்கு ஹாலண்ட் அமெரிக்கா கம்பெனியோட ஸான்டாம். 61,000 டன் சொச்சம், 1,430 பேர். சின்னதுக்கு 2017-ல வந்த நேஷனல் ஜியாக்ரஃபிக் குவெஸ்ட். மொத்தமே 100 பேர்.

இந்த 'டன்' கப்பலோட எடை இல்லைங்க. உள்ளே எவ்வளவு இடம் இருக்குங்கறதை வெச்சுப் போடுற கணக்கு. அதனால டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால வகுத்தா, தலைக்கு எவ்வளவு இடம்னு உத்தேசமாத் தெரிஞ்சுடும். ப்ளிஸுக்கு 42 வருது. ஸான்டாமுக்கு 43. அதாவது மூணு மடங்கு ஆளுங்க இருக்கற கப்பல்ல தலைக்கு இருக்கற இடம் அநேகமா அதேதான்! "பெரிய கப்பல்னா நெரிசல்"னு சொல்றது இந்தக் கணக்குப்படி சரியில்லை.

ஆனா சர்வர் மேய்க்கிற யாருக்கும் தெரியும், சராசரி லோடு எவ்வளவுங்கறது பிரச்சனையே இல்லை, உச்ச நேரத்துல என்ன ஆகுதுங்கறதுதான் பிரச்சனை. காலைல கப்பல் கரைக்கு வந்ததும் 4,000 பேரும் ஒரே நேரத்துல இறங்கணும்னு நிப்பாங்க. அதே மாதிரி சாயங்காலம் ஏறணும். பெரிய கப்பலோட உண்மையான விலை இடம் இல்லை, வரிசை. 100 பேர் கப்பல்ல அந்த வரிசை கிடையாது. இதுல சின்னக் கப்பல் கட்சிக்கு ஒரு பாயிண்ட் குடுத்துடலாம்.

இன்னொரு பாயிண்டும் குடுக்கணும். அது கொஞ்சம் விசித்திரமான விஷயம். அமெரிக்காவுல 1886-ல போட்ட ஒரு சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. வெளிநாட்டுக் கொடி கட்டின கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில மட்டும் பயணிகளை ஏத்தி இறக்கக் கூடாது. நடுவுல ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆகணும். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா மாதிரி நாட்டுக் கொடியில ஓடுறதால, சியாட்டில்ல கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பினாலும் வழியில கனடாவோட விக்டோரியாவுல நிக்கும். பல பயணங்கள்ல அது சாயங்காலத்துக்கு மேல சில மணி நேரம்தான். சட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வர்ற மாதிரி. கோவிட் நேரத்துல கனடா துறைமுகங்களை மூடினப்போ, 2021-ல அமெரிக்கக் காங்கிரஸ் தனியா ஒரு தற்காலிகச் சட்டம் போட்டுத்தான் அலாஸ்கா கப்பல்களை ஓட விட்டாங்க.

இது நமக்கு எதுக்குன்னு கேட்டா, இந்திய பாஸ்போர்ட்ல வர்ற அப்பா அம்மாவுக்குக் கனடா விசா வேணும். அமெரிக்க விசா கையில இருக்கேன்னு சும்மா இருந்தா, ஏறுற இடத்துலேயே நிறுத்திடுவாங்க. ஹெச்1பி-ல இருக்கற நமக்கும் அதேதான். குவெஸ்ட் மாதிரி சின்னக் கப்பல்கள் அமெரிக்காவுலேயே கட்டி, அமெரிக்கக் கொடியில ஓடுறது. ஜூனோவுல ஏறி சிட்காவுல இறங்கற மாதிரிப் பயணத்துக்குக் கனடா பக்கமே போக வேண்டாம். அமெரிக்காவுல கட்டி, அமெரிக்கச் சம்பளம் குடுத்து, நூறே பேரை ஏத்திட்டுப் போனா டிக்கெட் விலை என்னத்துக்கு ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. பெரிய கப்பல் டிக்கெட்டை விடப் பல மடங்கு. ஊர் சுத்திக் காட்டுற செலவெல்லாம் பெரும்பாலும் அதுலேயே அடங்கிடும்னாலும், நாலு பேர் குடும்பத்துக்குக் கூட்டிப் பார்த்தா தலை சுத்துது.

சரி, அவ்வளவு காசு குடுத்து என்ன கிடைக்குது? நெஜமாவே நிறைய. கரடி கரையோரமா நடந்தா கப்பலை அங்கேயே நிறுத்திப் பாக்கலாம். ரப்பர் படகுல பனிப்பாறைத் துண்டுகளுக்கு நடுவுல போகலாம், கயாக் ஓட்டலாம், ஊரே இல்லாத கரையில இறங்கிக் காட்டுக்குள்ள நடக்கலாம். பெரிய கப்பலுக்கு அட்டவணை உண்டு. திமிங்கிலம் வந்தாலும் சரி, அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்.

இங்கதான் முட்டி வருது.

எங்க வீட்டுக்கு இந்தக் கோடையில அப்பா அம்மா வர்றாங்க. அப்பா டிவியில பென்குவின் நடக்கறதைப் பார்த்தே பாதி வயசைக் கழிச்சவர். அவர்கிட்ட சின்னக் கப்பல் வீடியோ ஒண்ணைக் காட்டினா அன்னிக்கே பெட்டி கட்டிடுவார். அம்மாவுக்கு இடது முட்டி தேஞ்சு போயிருக்கு. ரெண்டு மாடி ஏறினா நடுவுல ஒரு தடவை நின்னு, "நீ போ, நான் மெதுவா வர்றேன்"ம்பாங்க. பல சின்னக் கப்பல்கள்ல லிஃப்ட் கிடையாது, படி செங்குத்தா இருக்கும், முழுநேர டாக்டரும் இருக்க மாட்டார். கரைக்குப் போறதுன்னா ஆடுற ரப்பர் படகுல கால் வெச்சு ஏறணும், சில இடத்துல தண்ணிலேயே இறங்கணும். இப்படி ஒரு வாரம் போனா என்ன ஆகும்? நாங்க மூணு பேரும் தினம் வெளிய போவோம், அம்மா ரூம்ல ஜன்னல் ஓரமா உக்காந்து, நாங்க திரும்பி வந்து காட்டுற போட்டோவைப் பாத்து "நல்லா இருக்குப்பா"ம்பாங்க. அந்த 'நல்லா இருக்குப்பா'வுக்காகவா அவ்வளவு பணம்?

பெரிய கப்பல்ல லிஃப்ட் இருக்கு, கைப்பிடி இருக்கு, டாக்டரும் நர்ஸும் இருக்காங்க (சும்மா இல்லை, நல்லாத் தீட்டுவாங்க). சைவம் மட்டும் சாப்பிடறவங்க பட்டினி கிடக்க வேண்டாம். அம்மா தானா எழுந்து, தானா நடந்து, யாரையும் எதிர்பார்க்காம ஒரு காபியோட டெக்குல போய் உக்காரலாம். வயசானவங்களுக்கு ஊர் சுத்தறதுல பாதி சந்தோஷம் இதுதான். "என்னால உங்களுக்குத் தொந்தரவு"ங்கற நெனப்பு இல்லாம இருக்கறது. அதனால என் கட்சி இது: கப்பலைத் தேர்ந்தெடுக்க வேண்டியது கேமரா வெச்சிருக்கறவன் கண்ணு இல்லை, கூட வர்றவங்கள்ல யாரோட முட்டி பலவீனமோ அந்த முட்டி.

அதுக்காகக் கண்ணை முழுசா மூடிக்க வேண்டாம். பெரிய கப்பல்லயே பாத்து எடுக்க மூணு விஷயம் இருக்கு.

ஒண்ணு, பயணத்திட்டத்துல கிளேசியர் பே இருக்கான்னு பாருங்க. அது தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்கு மேல உள்ளே விடறதில்லை. அங்க யாரும் இறங்க மாட்டாங்க, பூங்கா ரேஞ்சர்கள்தான் கப்பலுக்கு வந்து விளக்கம் சொல்லுவாங்க. அதாவது நடக்க முடியாதவங்களுக்கும் நடக்க முடிஞ்சவங்களுக்கும் அன்னிக்கு ஒரே காட்சி, ஒரே டெக்கு. பெரிய கப்பல்ல எல்லாருக்கும் சமமாக் கிடைக்கற நாள் அது ஒண்ணுதான்.

ரெண்டு, எங்கேர்ந்து கிளம்புதுன்னு பாருங்க. சியாட்டில்லேர்ந்து போற கப்பல்கள் பொதுவா வான்கூவர் தீவுக்கு மேற்கால, திறந்த பசிபிக் வழியாப் போகும். வான்கூவர்லேர்ந்து கிளம்புறது பெரும்பாலும் தீவுக்கு உள்பக்கமா, ரெண்டு பக்கமும் கரை தெரிய, ஆட்டம் கம்மியாப் போகும். கனடா விசா எப்படியும் எடுக்கத்தான் போறோம்னா வான்கூவரையும் கணக்குல எடுத்துக்கலாமே? ஸான்டாம் அளவுக் கப்பல்களை யாரும் கண்டுக்கறதே இல்லை. வரிசை பாதிக்கும் கீழே குறையும், லிஃப்ட்டும் டாக்டரும் அப்படியே இருக்கும்.

மூணு, மிச்சம் பிடிச்ச காசுல ஜூனோவுல ஒரு நாள் சின்னப் படகு எடுங்க. ஹவாய்ப் பக்கம் குளிர்காலத்தைக் கழிச்சுட்டு வர்ற கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் கோடையில அங்க சாப்பிடத்தான் வருது. அப்பாவோட ஆசைக்கு ஒரு வாரம் தேவையில்லை, மூணு நாலு மணி நேரம் போதும்.

இப்போ முக்கியமான வாதத்துக்கு வர்றேன். சின்னக் கப்பல் கட்சிக்காரங்க "எல்லாரும் சின்னக் கப்பல்ல போனா அலாஸ்கா தப்பிச்சுடும்"னு சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பாப்போம். 2023-ல ஜூனோவுக்குக் கப்பல்ல வந்தவங்க 16 லட்சத்துக்கும் மேல. 16 லட்சம் பேரை 100 பேர் கப்பல்ல அனுப்பணும்னா 16,000 பயணம். சீசன் சுமார் 180 நாள். தினமும் 90 கப்பல் கிளம்பணும். ஒவ்வொண்ணும் ஒரு வாரம் சுத்தும்னா, எந்த நேரத்துல பாத்தாலும் 600 கப்பலுக்கு மேல தண்ணில இருக்கும். அப்புறம் எந்தக் கரையில கரடி நடக்கும்? சின்னக் கப்பலோட அமைதிக்குக் காரணம் கப்பல் சின்னதா இருக்கறது மட்டும் இல்லை. பெரும்பாலானவங்களால அதுல ஏற முடியலைங்கறதும்தான். தாராளமாப் போங்க, அருமையான அனுபவம்தான். ஆனா வசதியால வாங்கினதை ஒழுக்கம்னு சொல்லிக்காதீங்க.

இப்போ நம்ம பக்கத்துக்கான குட்டு. ஜூனோவோட மக்கள்தொகை சுமார் 32,000. வெளியூர்லேர்ந்து ரோடு கூடக் கிடையாது, தண்ணில வரணும் இல்லாட்டி ஆகாயத்துல வரணும். அந்த ஊர்ல ஒரே நாள்ல நாலஞ்சு பெரிய கப்பல் வந்து நின்னா, ஊர்ல பாதி அளவுக்கு ஜனம் காலைல வந்து சாயங்காலம் காணாமப் போகுது. ஊர்க்காரங்களுக்குப் பிழைப்பும் அதுதான், இம்சையும் அதுதான். 2024-லேர்ந்து நாளைக்கு அஞ்சு பெரிய கப்பல்னு வரம்பு வெச்சாங்க. 2026-லேர்ந்து கப்பல்களோட படுக்கைக் கணக்குல ஒரு நாளைக்கு 16,000, சனிக்கிழமை 12,000-னு கப்பல் கம்பெனிகளோட ஒப்பந்தம். சனிக்கிழமை பெரிய கப்பலே வேண்டாம்னு 2024 அக்டோபர்ல ஓட்டெடுப்பு வந்து, அது தோத்துப் போச்சு. ஊரே ரெண்டா நிக்குதுன்னு புரியுது இல்லையா?

பெரிய கப்பல்ல போற நம்ம ஆளுங்க இந்த வரம்பைக் கேட்டா "டிக்கெட் விலை ஏறிடுமே"ன்னுதான் அலுத்துக்கறாங்க. ஏறட்டுமே. நாம எழுதுற ஒவ்வொரு ஏபிஐ-க்கும் ரேட் லிமிட் வெக்கறோம், இல்லாட்டி சர்வர் படுத்துடும்னு. 32,000 பேர் வாழுற ஊருக்கு அந்த உரிமை இல்லையா? பெரிய கப்பல் நமக்கு மலிவாக் கிடைக்கறதுல ஒரு பங்கை அந்த ஊர் தன் நடைபாதையாலயும் நிம்மதியாலயும் கட்டுது. அம்மாவோட முட்டிக்காகப் பெரிய கப்பல்ல போறேன், அதுல எனக்குக் கூச்சமே இல்லை. ஆனா அந்த ஊர்க்காரங்க "இன்னிக்கு இவ்வளவு பேர் போதும்"னு சொன்னா, அந்தப் 'போதும்'ல வெளிய நிக்கறது நானா இருந்தாலும் அவங்க பக்கம்தான் நிக்கணும். அடுத்த வாரம் போய்க்கலாம், பனிப்பாறை அங்கேதான் இருக்கும் (இப்போதைக்கு).

தனியாவோ ஜோடியாவோ போறவங்க, முட்டி நல்லா இருந்து பர்ஸும் நல்லா இருந்தா சின்னக் கப்பலுக்கே போங்க. பெரியவங்களோட போறவங்க யார் என்ன சொன்னாலும் கண்டுக்காம பெரிசையோ நடுத்தரத்தையோ எடுங்க. எழுபது வயசு அப்பா அம்மாவைச் சின்னக் கப்பல்ல கூட்டிட்டுப் போய் நல்லபடியா வந்தவங்க யாராவது இருந்தா கண்டிப்பா எழுதுங்க. அந்தப் படியும் ரப்பர் படகும் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க, சாப்பாட்டைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம் :-)