கல்வட்டங்களுக்குப் போக வழி விடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை ராகுகாலத்தில் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்குப் போனால் உள்ளே நிற்க இடம் கிடைப்பது கடினம். தூணில் செதுக்கிய சரபேசுவரருக்கு நடக்கும் அபிஷேகத்தைப் பார்க்கச் சேலையூர், சிட்லபாக்கம், வேளச்சேரி என்று நாலா பக்கத்திலிருந்தும் கூட்டம் வரும். யானை படுத்திருப்பதுபோல் பின்புறம் வளைந்த விமானம், சுவரில் சோழர் காலக் கல்வெட்டு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோயில் இது. இங்கே ஒரு கல் பெயர்ந்தாலும் ஊரே திரண்டு கேள்வி கேட்கும்.

இதே துறையின் பாதுகாப்பில், இதே சட்டத்தின்கீழ், தாம்பரத்தைச் சுற்றி வேறு சில இடங்களும் இருக்கின்றன. பல்லாவரம் தொடங்கி வண்டலூர், செங்கல்பட்டு, மதுராந்தகம் வரை காட்டோரத்திலும் ஏரிக்கரை மேட்டிலும் கிடக்கும் பெருங்கற்கால ஈமக்காடுகள். கோயிலைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவை. அங்கே ஒரு வட்டமே காணாமல் போனாலும் கேட்க ஆளில்லை. கோயிலுக்குத் தினமும் ஆள் வருகிறது, ஈமக்காட்டுக்கு வருவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். பாதுகாப்பு என்றால் பலகை நட்டு விலகிப் போ என்று சொல்வது என்ற பழக்கத்தைத் துறை கைவிட வேண்டும். இந்த இடங்களை மக்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கும் இடங்களாக மாற்ற வேண்டும். அதுவே அவற்றைக் காப்பாற்ற மிச்சமிருக்கும் வழி என்பது நம் உறுதியான கருத்து.

கல்வட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். போய் நின்றதும் எதுவும் புலப்படாது. சரளையும் செம்மண்ணும் கலந்த மேட்டு நிலம். உழவுக்கு ஆகாத, ஏரித் தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்தே இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவர் இளைப்பாறும் உருண்டைக் கல் ஒன்று கண்ணில் படும். அதற்கடுத்து இன்னொன்று, அதற்கும் அடுத்து இன்னொன்று என்று பார்வையை ஓட்டினால் சட்டென்று வட்டம் கூடி வரும். முக்கால்வாசி மண்ணில் புதைந்த பாறைகள், அவற்றின் முதுகில் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாகக் கல்பாசி. வட்டத்துக்குள் தரை லேசாக மேடு தட்டியிருக்கும். அந்தக் கற்குவைக்கு அடியில்தான் விஷயமே இருக்கிறது. பலகைக் கற்களை நிறுத்தி அடைத்த பதுக்கை, அல்லது சுட்ட மண்ணால் ஆன, வரிசையாகக் கால் வைத்த தொட்டி போன்ற ஈமப்பேழை. உள்ளே எலும்புத் துண்டுகள், கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள். ஊரில் இதைப் பாண்டுகுழி என்பார்கள். பஞ்சபாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம் என்றும் கதை சொல்வார்கள்.

தென்சென்னையின் புறநகர் தொல்லியல் ஆய்வின் வரலாற்றில் சாதாரண இடமல்ல. 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே பல்லாவரத்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாண்டர் ரீ வெளியே எடுத்த ஈமப்பேழை பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. நாடு விடுதலை பெற்ற சூட்டோடு, 1950-லும் 1952-லும் மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் பானர்ஜியும் சௌந்தரராஜனும் அகழ்ந்தார்கள். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே குன்னத்தூரில் வி.டி. கிருஷ்ணசாமி அகழ்ந்தார். தென்னிந்தியப் பெருங்கற்காலச் சின்னங்களை வகைபிரித்துப் பெயரிட்டவரும் அவரே. கல்வட்டம், கற்பதுக்கை, ஈமப்பேழை பற்றிய பாடத்தின் பெரும்பகுதி செங்கல்பட்டு மண்ணில் எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை.

பல்லாவரம் மலையின் பாறைக்கே ஒரு கதை உண்டு. கொல்கத்தாவில் வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குக் கொண்டுபோன கல், பரங்கிமலை–பல்லாவரம் பக்கத்துப் பாறைதான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, சார்னாக்கின் பெயராலேயே சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். இன்று உலகமெங்கும் புவியியல் மாணவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். வெளியூரில் இறந்த ஒரு வணிகருக்கு நம் மலைக் கல் நினைவுக்கல் ஆகியிருக்கிறது. இந்த மலையடிவாரத்திலேயே வாழ்ந்து இறந்தவர்கள் தங்கள் பெரியவர்களுக்கு வட்டமாக அடுக்கிய கற்களோ அஸ்திவாரக் குழிக்குப் போகின்றன.

இழப்பு எவ்வளவு என்பதை அண்மைக் காலச் செய்திகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. சிவகளையில் கிடைத்த காலக்கணிப்பு பொ.ஆ.மு. 3345 வரை போனதைக் கேட்டு நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அதே அறிக்கையில் திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியின் ஈமப்பேழையிலிருந்து எடுத்த கரியின் காலம் பொ.ஆ.மு. 1692 என்று வந்தது. கீழ்நமண்டிப் பேழையும் பல்லாவரத்துப் பேழையும் ஒரே மரபைச் சேர்ந்தவை. ஒரு சிட்டிகைக் கரி கலையாமல் கிடந்ததால் அந்த விடை கிடைத்தது. நம் புறநகரில் ஜேசிபி வாளியில் அள்ளிய மண்ணோடு போன கரி எந்தக் காலத்தைச் சொல்லியிருக்கும் என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சிவகளைக்குக் கைதட்டுகிறவர்கள் இங்கே கிளாம்பாக்கத்து ஈமக்காட்டுக் கல்லையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

“பிணம் புதைத்த இடத்துக்கா பிள்ளைகளை அழைத்துப் போவது?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நம் இலக்கியம் இதில் முகம் சுளித்ததில்லை. இறந்தவரை எரிப்பது, இடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து முறைகளையும் வரிசையாகச் சொல்கிறது மணிமேகலை. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் ஒரு பெண் தாழி வனையும் குயவரிடம் பேசுகிறாள். வழித்துணையாக வந்தவன் போய்விட்டான். அவனோடு தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அவள் கேட்ட மாதிரித் தாழி புதைந்த மண் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் காட்டினால் போதும். ஆயுளுக்கும் மறக்காது.

இனி, இந்தப் பிரச்னையில் நேர்மையாகப் பேச வேண்டிய மறுபக்கம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் வந்த திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது என்கிறது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜமீன் பல்லாவரம் போன்ற இடங்களில் இது என்ன செய்திருக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய மனை, கையில் பட்டா, வங்கிக் கடனுக்கு மாதத் தவணை. மாடியில் மகனுக்கு ஓர் அறை எடுக்கலாம் என்று வரைபடத்தோடு போனால், தொல்லியல் துறையின் தடையில்லாச் சான்று கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். எந்தச் சின்னம் என்று கேட்டால் கைநீட்டிக் காட்ட அந்தத் தெருவில் ஒன்றும் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக வீடு கட்ட முடியாமல் நிற்பவருக்கு அந்தச் சின்னத்தின்மேல் பிரியம் வருமா? கோபம்தான் வரும். கல் இருந்த தடம் தெரியாமல் அழிந்தால் நிம்மதி என்று நினைக்கும் நிலைக்கு மக்களைச் சட்டமே தள்ளிவிட்டது. இந்தப் பழி குடியிருப்போர்மேல் விழக் கூடாது. எல்லையை அளந்து காட்டாமல், பத்திரப் பதிவைத் தடுக்காமல், எல்லாம் முடிந்த பிறகு சட்டப் புத்தகத்தைத் திறந்த நிர்வாகத்தின்மேல்தான் விழ வேண்டும்.

இதற்குத் தீர்வும் அதே 2010 திருத்தத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் விரிவான தள வரைபடமும் தனித் துணைவிதிகளும் வகுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சின்னம் உண்மையில் எந்த இடத்தில் இருக்கிறதோ அதைக் கருவி வைத்து அளந்து, மண்ணுக்கடியில் இருப்பதையும் ரேடார் கொண்டு சோதித்து, எல்லைக்கல் நட்டு, வரைபடத்தைச் சர்வே எண் வாரியாகத் தமிழில் ஊரறிய வெளியிட வேண்டும். எஞ்சியிருக்கும் வட்டங்களை இம்மி பிசகாமல் காக்க வேண்டும். எதுவுமே மிஞ்சாத தெருக்களில் இருப்பவர்களுக்குச் சட்டப்படி நிவாரணம் தேடித் தர வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரச் செய்யாதவரை இரண்டுமே நடக்காது.

சின்னங்களின் எண்ணிக்கையிலேயே நம்மிடம் ஒழுங்கில்லை என்பதும் புதிய செய்தி அல்ல. 2013-இல் தணிக்கைத் துறை நேரில் போய்ப் பார்த்தபோது, நாடு முழுக்கப் பாதுகாக்கப்பட்ட 92 சின்னங்கள் காணவில்லை என்று அறிக்கை தந்தது. பிறகு துறை தேடி அலைந்து, 2024-இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. கோபுரமும் மதிலும் உள்ளவற்றுக்கே இந்தக் கதி. முழங்கால் உயரக் கற்களின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

“மக்களை விட்டால் கல்லின்மேல் பெயர் கிறுக்குவார்கள், புதையல் என்று தோண்டுவார்கள்” என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் புதையல் தேடுபவர் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு, இருட்டில்தான் வருவார். பகலில் நூறு பேர் வந்துபோகும் இடத்தில் கடப்பாறையோடு நிற்க அவருக்குத் துணிவு வராது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் 1970-களின் கடைசியிலிருந்து கற்களுக்கு நடுவே கூட்டத்தை விடுவதில்லை. சற்றுத் தள்ளி நடைபாதை போட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். தென்கொரியாவின் கோச்சாங், ஹ்வாசுன், காங்ஹ்வா கல்திட்டைகள் 2000-இலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டன. பிரான்சின் கார்நாக் நெடுங்கற்கள் 2025-இல் ஏறின. பக்கத்துக் கர்நாடகத்தின் ஹிரேபெணகல் 2021 முதல் தற்காலிகப் பட்டியலில் காத்திருக்கிறது. நம் ஆதிச்சநல்லூரில் குழியை மூடாமல், மேலே கண்ணாடி போட்டுத் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். அங்கே முடிந்தது சாணூரிலும் கிளாம்பாக்கத்திலும் முடியாதா?

பெரிய செலவு எதையும் நாம் கேட்கவில்லை. பளிங்குத் தரையோ வண்ண விளக்கோ செல்ஃபி மேடையோ வேண்டாம். அவை வந்தால் அதுவே இன்னொரு அழிவு. இடுப்பளவு வேலி, மண் கெடாத ஓர் ஒற்றையடிப் பாதை, வேப்பமர நிழலில் இரண்டு பெஞ்சு, தமிழில் பத்து வரி எழுதிய பலகை, கழிப்பறை. சனி, ஞாயிறுகளில் விளக்கிச் சொல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் ஒருவர். ஆடு மேய்க்கும் பெரியவருக்கே காவல் பொறுப்பையும் மாதச் சம்பளத்தையும் கொடுங்கள். அந்தக் கற்களை அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இதைச் செய்ய இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் ஈமக்காடுகளில் பல இன்று பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் பெருந்திட்டத்தைக் குழுமம் வகுத்துவருகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின்போது, பக்கத்தில் ஈமச்சின்னம் இருப்பதைக் கணக்கில் எடுத்தே திட்டம் போட வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தைக் குழுமம் மறந்திருக்காது. ஏரிக்கும் காட்டுக்கும் வரைபடத்தில் தனி நிறம் கொடுப்பதுபோல் கல்வட்டங்களுக்கும் ஒரு நிறம் கொடுக்கட்டும். மேட்டு நிலத்தில் லேஅவுட் போட விண்ணப்பிப்பவர், தொல்லியல் துறை நிலத்தைப் பார்த்துத் தந்த சான்றை இணைக்க வேண்டும் என்று விதி வரட்டும். மனை பிரித்து விற்பதற்கு முன்பே இதைச் செய்தால், பல்லாவரத்துக் குடும்பங்கள் படும் பாட்டை நாளை வேங்கடமங்கலத்திலோ பொன்மாரிலோ இன்னொரு குடும்பம் பட வேண்டியிருக்காது. கல்குவாரி உரிமங்களுக்கும் இதே விதி பொருந்த வேண்டும்.

2021-இல் பிறந்த தாம்பரம் மாநகராட்சிக்கும் இதில் வேலை இருக்கிறது. மாடம்பாக்கம், செம்பாக்கம், பெருங்களத்தூர், பல்லாவரம் எல்லாம் இன்று அதன் வார்டுகள். மாநகராட்சிப் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கல்வட்டத்துக்கு அழைத்துப் போக பஸ் ஏற்பாடு செய்யுங்கள். மாடம்பாக்கம் கோயிலில் தொடங்கி, ஒரு கல்வட்டத்தைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம்.

வாசகர்களும் அரசு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பல்லாவரத்துப் பேழையை முதலில் பார்த்துவிடுங்கள். அதைப் பார்த்த கண்ணுக்குத்தான் மேட்டில் கிடக்கும் கற்களும் வட்டமாகத் தெரியும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.